ஒரு வரி கூட மாறக்கூடாதா? நாடகத்தை பிராட்வே மியூசிக்கல் ஆக்கும் வழிகள், ஒரு ஒப்பீடு

இரண்டு வாரமாக ஒரு நண்பரோடு போனில் ஒரே வாக்குவாதம். நியூ ஜெர்சியில் இருப்பவர், ஆங்கிலத்தில் நாடகம் எழுதுபவர். ஒரே வீடு, ஐந்து பேர், ஒரே ராத்திரியில் நடந்து முடிகிற கதை. சின்ன அரங்கில் போட்டு நல்ல பெயரும் வாங்கியது. இதை மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம், ஆக்கினால் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் இருக்கும் பிராட்வே வரைக்கும் போகலாம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட, அன்றிலிருந்து மனிதர் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: வசனத்தில் ஒரு வரி கூட மாறக்கூடாது, நடுவில் பன்னிரண்டு பாட்டு வைத்துக்கொள்ளலாம். “நாடகம் நல்லா இருக்கு, பாட்டும் நல்லா அமைஞ்சா வேற என்னப்பா வேணும்?” என்கிறார்.

முதலில் கடிகாரமே இதற்கு ஒத்துக்கொள்ளாது. அவர் நாடகம் இரண்டு மணி நேரம். பாட்டு ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் 48 நிமிடம், இடைவேளை ஒரு 15 நிமிடம், ஆட்டத்துக்கும் கைதட்டலுக்கும் தனிக் கணக்கு. மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஏதாவது போயாக வேண்டும், போவது எப்போதும் வசனம்தான். மியூசிக்கலில் பாட்டு தவிர்த்த கதை வசனப் பகுதியை ‘புக்’ என்பார்கள். அதை எழுதுகிறவருக்குப் பெரிதாகப் பெயர் வராது, ஏனென்றால் அவர் எழுதியதில் நல்ல இடங்களை எல்லாம் பாட்டெழுதுபவர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

நமக்கு இந்தப் பிரச்சினையே கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்திலிருந்து பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை, அது பாட்டோடேயே பிறந்தது. பிராட்வேயில் வசன நாடகம் ஒரு தொழில், மியூசிக்கல் வேறு தொழில். வசனத்துக்கென்றே கட்டிய வீட்டில் பாட்டைக் குடி வைப்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலை அங்கே எப்படியெல்லாம் தீர்த்திருக்கிறார்கள், யார் பிழைத்தார்கள், யார் விழுந்தார்கள் என்று நண்பருக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அவருக்குப் பிடித்த வழியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: வசனத்தைக் காப்பாற்றுவது. இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலிருந்து வந்த ‘மை ஃபேர் லேடி’. ஷா இருந்தவரை இது நடக்கவில்லை. 1908இல் வியன்னாவில் அவருடைய ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ நாடகத்தை ‘சாக்லேட் சோல்ஜர்’ என்று ஆபரெட்டாவாக்கியதில், அதாவது பாட்டு நிறைந்த வேடிக்கை இசை நாடகமாக்கியதில், வெறுத்துப்போய், அதற்கப்புறம் தன் நாடகத்தில் யாரையும் பாட விடவில்லை. 1950இல் அவர் இறந்த பிறகுதான் கதவு திறந்தது. திறந்ததும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, இசையமைக்கும் ராட்ஜர்ஸும் பாட்டும் கதை வசனமும் எழுதும் ஹாமர்ஸ்டைனும். முயன்று பார்த்துவிட்டு முடியாது என்று கைவிட்டார்கள். பாட்டும் வசனமும் எழுதும் ஆலன் ஜே லெர்னரும் இசையமைப்பாளர் ஃபிரெடரிக் லோவும் கூட முதலில் எடுத்து, கீழே வைத்துவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான். அந்தக் கால மியூசிக்கலுக்கு ஒரு காதல் கதை வேண்டும், பக்கத்திலேயே சிரிக்க வைக்க இன்னொரு ஜோடி வேண்டும், கும்பலாகப் பாட ஒரு கூட்டம் வேண்டும். ‘பிக்மேலியன்’ நாடகத்தில் மூன்றும் இல்லை. இருப்பதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து, நிறுத்தாமல், அபாரமாகப் பேசுகிற மனிதர்கள்.

இரண்டாம் முறை எடுத்தபோது லெர்னர் கண்டுபிடித்தது ஒரு சின்ன விஷயம். ஷாவின் வசனத்துக்கு நடுவில் இடம் தேட வேண்டாம், அங்கங்களுக்கு நடுவில் தேடினால் போதும். நாடகத்தில் பூக்காரி எலைசா, மொழிப் பேராசிரியர் ஹிக்கின்ஸிடம் சீமாட்டி மாதிரி பேசப் பழக வருகிறாள். அடுத்த அங்கத்தில் ஹிக்கின்ஸின் அம்மா வீட்டில் சீமாட்டி மாதிரி வந்து உட்காருகிறாள். நடுவில் நடந்த பயிற்சி அப்படியே விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் பெரிய விருந்துக்குப் போகிறார்கள். அதையும் ஷா காட்டவில்லை, அடுத்த அங்கம் திறக்கும்போது நடு ராத்திரி, களைத்துப்போய்த் திரும்பி வருகிறார்கள். திரை மூடியிருந்த அந்த நேரம்தான் லெர்னருக்குக் கிடைத்த நிலம். பயிற்சி ராத்திரிகளைப் பாட்டாக்கினார்; எல்லாரும் சோர்ந்து கிடக்கிற வேளையில் அவளுக்கு ஸ்பெயின் மழை பற்றிய அந்த வாக்கியம் திடீரென்று சரியாக வந்துவிட, அவளும் ஹிக்கின்ஸும் அவர் நண்பரும் சந்தோஷத்தில் ஆடுகிற காட்சி அங்கே பிறந்ததுதான். அம்மா வீட்டுத் தேநீர் நேரம் ஆஸ்காட் குதிரைப் பந்தய மைதானமானது. பாட ஒரு கூட்டமும் தானாகக் கிடைத்துவிட்டது. ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசனுக்குப் பாடவே வராது. அவருக்காக, பேச்சும் பாட்டும் இல்லாத ஒரு நடுத்தர வழியில் பாட்டுகளை அமைத்தார்கள், தாளத்தில் பேசிவிட்டுப் போகலாம். பேசிக்கொண்டே இருக்கிற பாத்திரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1956 மார்ச்சில் திறந்து 2,717 காட்சிகள் ஓடியது.

நண்பர் இதைக் கேட்டதும் குதித்தார். “பார்த்தியா, வசனத்தைத் தொடலை!” உண்மைதான், ஷாவின் வசனம் நிறையவே அப்படியே இருக்கிறது. ஆனால் முடிவைத் தொட்டார்களே. எலைசா ஹிக்கின்ஸிடம் திரும்ப மாட்டாள், அவள் தன்னைக் காதலிக்கும் ஃபிரெடியைத்தான் கட்டிக்கொள்வாள் என்று ஷா பின்னுரையே எழுதி வைத்தார். 1914 லண்டன் மேடையேற்றத்தில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ கடைசியில் அவளுக்குப் பூச்செண்டு வீசிக் காதல் வாசனை காட்டியதில் எரிச்சலானவர் அவர். மியூசிக்கலில் எலைசா திரும்பி வருகிறாள், அவன் செருப்பு எங்கே என்று கேட்கிறான், திரை. அதாவது வார்த்தைகளை வைத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றினார்கள். 2018இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மறுபடி போட்டபோது இயக்குநர் பார்ட்லெட் ஷெர் அதே வசனத்தை வைத்துக்கொண்டே எலைசாவை மேடையிலிருந்து இறங்கிப் பார்வையாளர் நடுவே நடந்து போக வைத்தார். வரி மாறக்கூடாது என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம்.

இதே வழியில் இன்னொரு ரகமும் உண்டு. அங்கே இடம் கிடைத்தது மேடைக் குறிப்பில். லின் ரிக்ஸ் எழுதிய ‘கிரீன் க்ரோ தி லைலாக்ஸ்’ 1931இல் 64 காட்சிகளோடு முடிந்துபோன நாடகம். அதில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் பழைய பாட்டுகள் இருந்தன. ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டார்கள். ஹாமர்ஸ்டைனின் கண் போனது முதல் பக்கத்தில் ரிக்ஸ் எழுதி வைத்திருந்த குறிப்பின் மேல்: பளபளக்கும் ஒரு கோடைக் காலை, புல்வெளியில் மாடுகள், இளஞ்சோளத் தோகைகள், எல்லாவற்றின் மேலும் பொன் நிற ஒளி. நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு இது கேட்காது, படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். அதை எடுத்து முதல் பாட்டாக்கினார். 1943இல் ‘ஓக்லஹோமா!’ திரை தூக்கியபோது, வழக்கமாக வரிசையாக ஆடிவரும் பெண்கள் யாரும் இல்லை. ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறார். பக்கவாட்டில் எங்கிருந்தோ, ஆள் தெரியாமல், ஒருவன் குரல் அந்தக் காலையைப் பாடிக்கொண்டு வருகிறது. 2,212 காட்சிகள்.

ஆக வசனத்தைக் காப்பாற்றும் வழி எடுபட வேண்டுமென்றால், வசனத்துக்கு வெளியே நிலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஜூனோ’ இருக்கிறது. ஷான் ஓகேசியின் ‘ஜூனோ அண்ட் தி பேகாக்’ நாடகத்தை 1959இல் மார்க் பிளிட்ஸ்டைன் இசையமைத்து, ஆக்னஸ் டி மில் ஆட்டம் அமைத்து, பெரிய நடிகர்களை வைத்துப் போட்டார்கள். 16 காட்சியில் மூடினார்கள். பாட்டுகள் மோசமில்லை, இன்றும் விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பு இதுதான்: ஓகேசியின் டப்ளின் பேச்சே பாதி பாட்டு, அதற்கு மேலே இன்னொரு பாட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கும். எட்மண்ட் ரோஸ்டாண்டின் ‘சிரானோ’ முழுக்கச் செய்யுள் நாடகம். 1973இல் கிறிஸ்டோஃபர் பிளம்மர் நடித்து மியூசிக்கலாக வந்தது, அவருக்கு பிராட்வேயின் பெரிய பரிசான டோனி விருது கிடைத்தது, நிகழ்ச்சி 49 காட்சியில் முடிந்தது. 1993இல் இன்னொரு குழு வேறு இசையோடு வந்து 137 காட்சி பார்த்தது. ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிற நாடகத்தைப் பாட வைக்க என்ன இருக்கிறது?

சரி, இரண்டாவது வழி. ஊரையோ காலத்தையோ மாற்றுவது.

ஃபெரென்ஸ் மோல்னாரின் ‘லிலியோம்’ 1909இல் ஹங்கேரியில் வந்த நாடகம், புடாபெஸ்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடுகிற ஒரு முரடனின் கதை. 1945இல் அதை ‘கரவுசல்’ ஆக்கும்போது உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, ஹங்கேரி எதிரணியில். அங்கேயே வைத்துக்கொள்ள ஹாமர்ஸ்டைனுக்கு மனமில்லை. நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, அந்த வட்டாரப் பேச்சு பாட்டில் உட்காராது என்று விட்டு, கடைசியில் நியூ இங்கிலாந்து, மேய்ன் கடற்கரை. இதில் ஊர்ப் பெயர் மட்டும் மாறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடற்கரைக்கு வந்ததும் மில்லில் வேலை செய்யும் பெண்கள், மீன் பிடிப்பவர்கள், தீவில் சிப்பி சுட்டுச் சாப்பிடும் விருந்து என்று கூட்டம் சேர்ந்து பாட நிஜமான காரணங்கள் கிடைத்தன. நாடகத்தில் சும்மா ஒரு செய்தியாக வருவது, தான் அப்பாவாகப் போகிறோம் என்று அவனுக்குத் தெரிகிற இடம். மியூசிக்கலில் அங்கே அவன் மேடையில் தனியாக நின்று ஏழெட்டு நிமிடம் பாடுகிறான்: பையன் பிறந்தால் என்ன செய்வேன் என்று மார்தட்டிக்கொண்டே போய், பாதி வழியில், பெண்ணாக இருந்தால்? என்று தட்டுத் தடுமாறி, காசுக்கு எங்கே போவது என்கிற கேள்வியில் வந்து முட்டி நிற்கிறான். அடுத்து அவன் திருடப் போவதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு பாட்டு கதையை நகர்த்துவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

முடிவு? மோல்னாரின் நாயகன் செத்து, பதினாறு வருடம் கழித்து ஒரு நாள் பூமிக்கு வந்து, மகளையும் அடித்துவிட்டுத் தோற்றுத் திரும்புகிறான். ‘கரவுசல்’ அவனை மகளின் பள்ளி விழா வரை கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆறுதலைக் கொடுத்துவிட்டது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரத்துப் பார்வையாளர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் பெண்டாட்டியை அடித்தவனுக்கு இவ்வளவு மன்னிப்பா என்கிற கேள்வியை நாடகம் கேட்டது, மியூசிக்கல் அதன் மேல் ஒரு நல்ல பாட்டைப் போர்த்திவிட்டது. ஒவ்வொரு முறை மறுபடி போடும்போதும் அந்தக் கேள்வி எழுந்து நிற்கிறது.

ஊரை மாற்றினால் ஒவ்வொரு ஆணிக்கும் புது ஆணி அடிக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தது 1957இல் வந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘ரோமியோ ஜூலியட்’ கதையை நியூயார்க் தெருக் கும்பல்களுக்குக் கொண்டுபோனது. ஷேக்ஸ்பியரில் ரோமியோவுக்குப் போக வேண்டிய கடிதம் கொள்ளை நோய்த் தடையால் போய்ச் சேரவில்லை. கதையே ஒரு தபால் தாமதத்தில் தொங்குகிறது. நியூயார்க் தெருவில் அது எடுபடாது. கதை வசனம் எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸ் என்ன செய்தார் என்றால், செய்தி கொண்டுபோகிற அனிட்டாவை எதிர்க் கும்பல் பையன்கள் மருந்துக் கடையில் மறித்துச் சீண்டுகிறார்கள், எல்லை மீறுகிறார்கள், அவள் கோபத்திலும் அவமானத்திலும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகிறாள்: மரியா (இந்தக் கதையின் ஜூலியட்) செத்துவிட்டாள். எதிர்பாராத தடங்கலாக இருந்தது வெறுப்பின் விளைவாக மாறிவிட்டது. இந்த ஒரு இடத்தில் அது மூலத்தைவிட நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன், ஷேக்ஸ்பியர் ரசிகர்கள் மன்னிக்கட்டும். ஆரம்பத்தில் இது யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே நடக்கிற கதையாகத்தான் பேச்சு. பழைய சரக்காகத் தெரிந்ததால் கிடப்பில் போட்டு, பல வருடம் கழித்து கும்பல் சண்டைச் செய்திகளைப் பார்த்துத்தான் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். காலம் கனியும் வரை காத்திருப்பதும் இந்த வழியின் செலவில் சேரும்.

மாற்றியும் விழுந்த கதை ‘மெரிலி வி ரோல் அலாங்’. காஃப்மனும் ஹார்ட்டும் 1934இல் எழுதிய, பின்னோக்கிப் போகும் நாடகம். இசையமைப்பாளர் சோண்ட்ஹைமும் இயக்குநர் ஹால் பிரின்ஸும் 1981இல் அதை 1980இலிருந்து 1955 வரை பின்னால் போவதாக மாற்றினார்கள். நடிப்பதற்குச் சின்னப் பையன்கள், பெண்கள். நடுவயதுக் கசப்போடு ஆரம்பிக்கிற கதையில் இருபது வயது முகங்கள், யார் யாரென்று தெரிய மேலே பெயர் எழுதிய பனியன். 16 காட்சி. அதே மியூசிக்கல், திருத்தங்களோடு, வயது வந்த நடிகர்களோடு, 2023இல் பிராட்வே திரும்பி அடுத்த வருடம் சிறந்த மறு மேடையேற்றத்துக்கான டோனி வாங்கியது. நாற்பது வருடத்துக்கு மேல்! நண்பருக்கு இப்போது ஐம்பத்தி இரண்டு, அதையும் சொன்னேன், சிரிக்கவில்லை.

மூன்றாவது வழிதான் என் கட்சி. நாடகத்துக்குள் இன்னொரு மேடையைக் கட்டுவது.

ஜான் வான் ட்ரூட்டன் 1951இல் எழுதிய ‘ஐ ஆம் எ கேமரா’ நாடகம், கிறிஸ்டோஃபர் இஷர்வுட்டின் பெர்லின் கதைகளிலிருந்து வந்தது. முழுக்க ஒரே வாடகை அறையில் நடக்கும், நம் நண்பரின் நாடகம் மாதிரியே. அந்த அறைக்குள் பாட்டு வைத்தால், வாடகை பாக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து பாடுவார், பார்க்கிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். 1966இல் ஹால் பிரின்ஸ் செய்தது, அறையை வைத்துக்கொண்டே பக்கத்தில் கிட் கேட் கிளப் என்கிற இரவு விடுதியைத் திறந்தது. ராணுவத்தில் இருந்தபோது ஸ்டுட்கார்ட்டில் ஒரு விடுதியில் பார்த்த அறிவிப்பாளர் அவர் மனதில் தங்கியிருந்தார். அந்த ஆளை, நாடகத்தில் இல்லாத ஆளை, ‘கேபரே’யின் நடு மையத்தில் நிறுத்தினார். இப்போது பாட்டுக்குக் காரணம் கேட்க யாரும் இல்லை, விடுதியில் பாடாமல் என்ன செய்வார்கள். அறைக்குள் நடப்பதற்கு விடுதிப் பாட்டு பதில் சொல்லும், கிண்டல் செய்யும், சில சமயம் பயமுறுத்தும்.

உள்ளே நுழைகிறவர்களுக்குத் திரை கிடையாது. மேடையில் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி தொங்கும், அதில் தெரிவது நாற்காலி தேடிக்கொண்டிருக்கிற நாம்தான். நாஜிகள் தலையெடுத்தபோது வேடிக்கை பார்த்தவர்கள் யார் என்று ஒரு வசனம் கூட இல்லாமல் மேடை அமைப்பாளர் போரிஸ் ஆரன்சன் கேட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் அந்த அறிவிப்பாளர் ஒரு கொரில்லாவோடு காதல் ஆட்டம் ஆடுவார், பாவாடை கட்டிய கொரில்லா, எல்லாரும் சிரிப்பார்கள். கடைசி வரியில்தான் தெரியும், அவர் இவ்வளவு நேரம் சொன்னது யூதர்களை அந்தச் சமூகம் பார்த்த விதத்தை. சிரித்த வாய் மூடாது. பாஸ்டன் வெள்ளோட்டத்திலேயே அந்த வரி பிரச்சினையாகி, புகார்கள் வந்து, பிராட்வேக்கு வரும்போது மென்மையாக மாற்றினார்கள். 1972 படத்தில் பழைய வரி திரும்பி வந்தது. ஒற்றை அறை நாடகத்தில் இது எதுவும் இல்லை. ஆனால் நாடகத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த பயம் இதுதான். அதற்கு உடல் கிடைத்தது.

இதற்கு விலையும் உண்டு. ‘ஐ ஆம் எ கேமரா’ நாடகத்தில் வந்த இளம் ஜோடியை அடியோடு தூக்கிவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு வயதான யூதப் பழக்கடைக்காரருக்கும் காதல் வைத்தார்கள். பூக்கள் இல்லை, அவர் கொண்டுவரும் பரிசு ஒரு அன்னாசிப் பழம். அன்னாசிக்கு ஒரு பாட்டு. மூல ஆசிரியரின் ஆட்களில் பாதிப் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும், அதுதான் விலை.

இதே வழியில் போனது ‘சிகாகோ’. மோரின் டாலஸ் வாட்கின்ஸ் சிகாகோ பத்திரிகையில் கொலை வழக்குகளை எழுதிய நிருபர், அதை வைத்து 1926இல் நாடகம் எழுதினார். மியூசிக்கல் உரிமையை உயிரோடு இருந்தவரை தரவில்லை. 1969இல் அவர் இறந்த பிறகே இயக்குநர் பாப் ஃபாஸிக்கும் நடிகை க்வென் வெர்டனுக்கும் கிடைத்தது. அவர்கள் நீதிமன்றத்தையே பழைய வாட்வில் கொட்டகை ஆக்கினார்கள். வாட்வில் என்பது பாட்டு, ஆட்டம், சிரிப்பு எல்லாம் துண்டு துண்டாக வரும் அந்தக் கால மேடைக் கச்சேரி. ஒவ்வொரு வழக்காடலும் ஒரு துண்டு, வக்கீலே வித்தைக்காரர். 1975இல் வந்தது, 936 காட்சி, பரவாயில்லை என்கிற அளவு. 1996இல் மறுபடி போட்டபோது வாத்தியக்காரர்கள் மேடையிலேயே, ஆட்கள் கறுப்பு உடையில், அலங்காரம் கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்தாயிரம் காட்சிகளைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. தயாரிப்பாளர்கள் இந்த வழியை விரும்ப இன்னொரு காரணம் இதுதான், மேடைக்குள் மேடை என்று ஆகிவிட்டால் நிஜ வீடு கட்டிக் காட்ட வேண்டாம்.

‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ பற்றிச் சுருக்கமாக. வேடகின்டின் 1891 ஜெர்மன் நாடகம், பருவ வயதுப் பிள்ளைகளின் கதை. 2006இல் ஸ்டீவன் சேட்டரும் டங்கன் ஷீக்கும் வசனத்தை அந்தக் காலத்திலேயே விட்டு, பாட்டை மட்டும் இன்றைய ராக் ஆக்கினார்கள். பள்ளிச் சீருடைக்குள்ளிருந்து பையன் மைக்கை உருவி எடுத்துப் பாடுவான், பாடி முடித்ததும் 1891க்குத் திரும்புவான். பாட்டு கதையை நகர்த்தாது, வெளியே சொல்ல முடியாததைச் சொல்லும், அவ்வளவுதான். எட்டு டோனி. வாய் பூட்டிய பிள்ளைகளின் கதையாக இருந்ததால் எடுபட்டது. எல்லாரும் மனசைத் திறந்து பேசுகிற நாடகத்தில் இதைச் செய்தால் ஏற்கெனவே கேட்டதை இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம், பணமும் உரிமையும். ஐந்து பேர் நாடகம் மியூசிக்கல் ஆனால் ஆட்கள் பெருகுவார்கள், வாத்தியக் குழு வரும், பெரிய பிராட்வே அரங்கில் இத்தனை வாத்தியக்காரர்களுக்குக் குறையக்கூடாது என்று சங்க ஒப்பந்தமே உண்டு. இன்று ஒரு பிராட்வே மியூசிக்கல் ஒரு கோடி டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். உரிமை விஷயத்தில் ‘லா காஜ் ஓ ஃபோல்’ நல்ல பாடம்: 1983 மியூசிக்கலுக்குக் கிடைத்தது பிரெஞ்சு நாடகத்தின் உரிமை மட்டும், எல்லாருக்கும் தெரிந்த படத்தின் உரிமை இல்லை, படத்தில் மட்டும் இருந்த எதையும் தொட முடியாது. நண்பருக்கு இந்தத் தலைவலி இல்லை, நாடகம் அவருடையதே. அவருக்கு இருக்கும் தலைவலி வேறு, புக்கை அவரே எழுதுவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா. என். ரிச்சர்ட் நாஷ் தன் ‘தி ரெய்ன்மேக்கர்’ நாடகத்தை 1963இல் ‘110 இன் தி ஷேட்’ ஆக்கியபோது தானே எழுதினார், வீட்டுக்குள் நடந்ததை ஜூலை 4 பிக்னிக் மைதானத்துக்குக் கொண்டுபோனார், தாக்குப்பிடித்தார். எல்லாருக்கும் தன் பிள்ளைக்குத் தானே மொட்டையடிக்கக் கை வராது.

அந்த மியூசிக்கலுக்குப் பாட்டு அமைத்த டாம் ஜோன்ஸ், ஹார்வி ஷ்மிட் ஜோடிதான், பிராட்வேக்கே போகாமல் ஜெயிக்கிற வழியையும் காட்டியவர்கள். ‘சிரானோ’ எழுதிய அதே ரோஸ்டாண்டின் இன்னொரு சின்ன நாடகம், அவ்வளவாக யாரும் நினைவில் வைத்திராதது. அதை எடுத்து 1960இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 153 நாற்காலிகள் கொண்ட அரங்கில், ஒரு பியானோ, ஒரு ஹார்ப், எட்டு ஒன்பது பேரோடு ‘தி ஃபேன்டாஸ்டிக்ஸ்’ போட்டார்கள். 2002 ஜனவரியில் மூடியபோது 17,162 காட்சி. ரோஸ்டாண்டின் மகா நாடகம் பிராட்வேயில் தடுமாறியது, துக்கடா நாடகம் ஏறக்குறைய 42 வருடம் ஓடியது. முழுமையான நாடகத்தில் மற்றவருக்கு வேலை இல்லை. கொஞ்சம் இடம் விட்டு எழுதியதில்தான் இன்னொருவர் வந்து உட்கார முடியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பரிடம் என் சிபாரிசையும் சொன்னேன். பிராட்வேயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், சின்ன அரங்கு, மூன்று வாத்தியம். வழி, மூன்றாவது, அந்த வீட்டில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது, முதல் காட்சியில் பழுது என்று சொல்லிவிட்டு அப்புறம் அவரே மறந்துவிட்டார், அதுதான் உங்கள் கிட் கேட் கிளப் என்றேன். யோசிக்கிறேன் என்றார். ஆனால் கடைசிக் காட்சியில் அம்மா பேசுகிற அந்தப் பெரிய வசனத்தைப் பாட்டாக்கிவிட வேண்டும் என்று புதிதாக ஒரு ஆசையைக் கிளப்பினார், வரி மாறக்கூடாது என்று சொன்ன அதே மனிதர்.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ கடைசியில் மரியா கையில் துப்பாக்கியோடு நின்று பேசும் இடம் இருக்கிறதே, அதை லாரன்ட்ஸ் பாட்டுக்கு மாதிரியாகத்தான் எழுதிக் கொடுத்தார். இசையமைத்த லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் திரும்பத் திரும்ப முயன்றார், எந்த மெட்டும் பொய்யாக ஒலித்தது. விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரமாகப் பாடிக்கொண்டிருந்த பெண் அங்கே வெறும் குரலில் பேசுகிறாள்.

நண்பரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பிரதியை எடுத்துக்கொண்டு, யாராவது கதவைத் திறந்து வெளியே போய்த் திரும்பி வருகிற இடம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்துகிற இடம், மேடைக் குறிப்பில் மட்டும் இருக்கிற விஷயம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். நேற்று ராத்திரி போன் செய்தார். எழுபத்தி எட்டுப் பக்கத்தில் நான்கு கோடு.